மறுதாம்புக் காடும் இளவேனிற் பூக்களும்

இங்கிலாந்தின் பழங்காடுகளில் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, மரங்கள் இலை விடுவதற்கு முன்னும் இலை விடத் தொடங்கும்போதும், தரையெங்கும் மலரும் காட்டுப்பூக்கள் அந்நாட்டு மக்களுக்கு இளவேனிலின் அடையாளமாகவே விளங்குகின்றன. முதலில் வெளிர்மஞ்சள் நிறப் பிரிம்ரோஸும் வெண்ணிற அனிமோனும், அவற்றோடு ஊதா நிற வயலட்டும், கிழக்கு மாவட்டங்களின் சில காடுகளில் மட்டும் கொத்தாகத் தலைசாய்ந்து நிற்கும் ஆக்ஸ்லிப்பும், ஏப்ரல் இறுதியில் காட்டுத்தரை முழுவதையும் நீலமாக்கிவிடும் புளூபெல்லும் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த வரிசை, மனிதக் கை படாத இயற்கையின் கொடை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. காட்டின் வரலாற்றை ஆவணங்களிலும் மண்ணிலும் மரத்திலும் தேடிய 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் கண்டதோ வேறு: இப்பூக்களை யாரும் நட்டு வளர்க்கவில்லை என்பது உண்மையே என்றாலும், அவை அத்தனை அடர்ந்து பூத்ததற்குக் காரணம் பல நூற்றாண்டுகளாக அக்காடுகளைக் குளிர்காலந்தோறும் கூறுகூறாக வெட்டி வந்த தொழிலாளர்களின் உழைப்பே. அத்தொழில் ஓங்கியபோது பூக்கள் ஓங்கின. அது நின்றபோது அவையும் குன்றின.

இதை விளங்கிக்கொள்ள அக்காடுகளின் ஒளிக்கணக்கை முதலில் அறிய வேண்டும். ஓக், ஆஷ், ஹேசல் போன்ற அந்நாட்டு மரங்கள் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் மீண்டும் தழைக்கின்றன. தழைத்தபின் தரையை எட்டும் வெயில் மிகச் சொற்பம். ஆகவே தரையில் வாழும் சிறுசெடிகள், பகல் நீளத் தொடங்கும் மார்ச்சுக்கும் மரங்கள் நிழல் விரிக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் இலைவிட்டுப் பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் சேமித்துவிடும் வாழ்முறைக்குப் பழகியிருக்கின்றன. புளூபெல் தன் உணவை வெங்காயம் போன்ற குமிழிலும், அனிமோன் மண்ணுக்கடியில் கிடையாகப் படரும் தண்டிலும் சேர்த்து வைக்கின்றன. நிழல் மிகுந்தாலும் இவை உடனே அழிந்துவிடுவதில்லை. பூக்காமல், இலைமட்டும் விட்டு, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பைக் குறித்த காலத்தில் முடித்துவைத்தது மரம் வெட்டும் தொழில்தான்.

அத்தொழிலின் முறை தமிழ் உழவர்களுக்குப் புதிதன்று. கரும்பை அறுத்தபின் கட்டையிலிருந்து மீண்டும் தழையவிட்டு மறுதாம்புப் பயிர் எடுப்பது போலவே, ஹேசல், ஆஷ், செஸ்ட்நட் முதலிய மரங்களைத் தரையோடு ஒட்டி வெட்டி, அடித்தூரிலிருந்து கிளைக்கும் நேரான கம்புகளைச் சில ஆண்டுகள் வளரவிட்டு மீண்டும் வெட்டுவதே இங்கிலாந்தின் மறுதாம்புக் காட்டுமுறை. காடு பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு கூறாக முறைவைத்து வெட்டப்பட்டது. தேவையையும் மரவகையையும் பொறுத்து, ஒரு கூறுக்கு மீண்டும் முறை வர ஏறக்குறைய ஏழு முதல் இருபது ஆண்டுகள் ஆயின. இந்தச் சிறுமரங்களுக்கு நடுவே ஆங்காங்கே ஓக் மரங்கள் வெட்டப்படாமல் உயரமாக வளர விடப்பட்டன. வீட்டு உத்தரத்துக்கும் கப்பலுக்கும் வேண்டிய பெருமரம் அவற்றிலிருந்தும், அன்றாட வாழ்வுக்கு வேண்டிய மற்ற எல்லாம் சிறுமரங்களிலிருந்தும் கிடைத்தன. ஆட்டுக்கிடைக்குப் படல், மிலாறு பின்னி மண் பூசிய வீட்டுச்சுவர், கூரை வேய்வோர் வைக்கோலைப் பிணிக்கும் கவைக்குச்சி, கருவிகளின் பிடி, பியருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப் கொடி படரும் கம்பு, ரொட்டி அடுப்புக்குச் சுள்ளிக்கட்டு, இரும்பு உருக்கும் உலைக்குக் கரி என அக்கம்புகள் போய்ச் சேராத இடம் ஒரு கிராமத்தில் இருந்திருக்க முடியாது.

வெட்டும் பருவம் இலையுதிர்வுக்குப் பின் தொடங்கி, மரத்தில் சாறு ஏறும் இளவேனிலுக்கு முன் முடிந்தது. அந்த மாதங்களில் தரைச்செடிகளில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் உறங்கிக்கொண்டிருந்ததால், கோடரியும் வெட்டரிவாளும் ஏந்தியவர்களின் காலடியும், கம்புகளை ஏற்றிச் சென்ற வண்டிகளும் அவற்றுக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. தொழிலின் நாட்காட்டியும் பூவின் நாட்காட்டியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று இடம்விட்டு அமைந்தது திட்டமிட்ட ஏற்பாடன்று. ஆயினும் இதில் சிறிது மாறியிருந்தால்கூட இந்த வரலாறு வேறுவகையாகவே முடிந்திருக்கும்.

இம்முறையின் தொன்மை வியப்பளிப்பது. தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்புநிலத்தில் 1970ஆம் ஆண்டு கரிமண் தோண்டும்போது வெளிப்பட்ட, பின்னர் ‘ஸ்வீட் டிராக்’ எனப் பெயர்பெற்ற மரப்பாதை, மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறையால் கி.மு. 3807–3806ஐச் சேர்ந்தது என உறுதிசெய்யப்பட்டது. அதில் பயன்படுத்தப்பட்ட ஹேசல், ஆஷ் கம்புகளின் சீரான வளர்ச்சி, வெட்டித் தழையவிடப்பட்ட தூர்களிலிருந்து அவை வந்திருக்க வேண்டும் எனக் காட்டுகிறது. நார்மானியர் ஆட்சியில் 1086ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கு, பெருமரக் காட்டையும் சிறுமரக் காட்டையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அக்கணக்கின்படி இங்கிலாந்தின் நிலத்தில் காடாக இருந்தது ஏறத்தாழ 15 விழுக்காடுதான் என்பது, நாடெங்கும் முடிவற்ற பெருங்காடு பரந்திருந்தது என்னும் பழைய கற்பனையைத் தகர்த்த செய்தி. எஞ்சியிருந்த காடு ஒவ்வொன்றுக்கும் பெயரும் எல்லையும் உடையவரும் இருந்தனர்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள ஹேலி காடு இதற்குத் தக்க சான்று. ஈலி நகரத்து ஆயரின் உடைமைகளை 1251இல் பட்டியலிட்ட ஏடு அக்காட்டைப் பெயர் சொல்லி, பரப்பு 80 ஏக்கர் எனப் பதிவு செய்திருக்கிறது; அதே பெயரோடு அக்காடு இன்றும் நிற்கிறது. சஃபோக் மாவட்டத்தின் பிராட்ஃபீல்டு காடு பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துத் துறவுமடத்தின் சொத்தாக இருந்தது. 1252ஆம் ஆண்டிலிருந்தே அங்கு மறுதாம்புமுறை நடந்துவருவதாக ஆவணங்கள் காட்டுகின்றன. அங்குள்ள ஆஷ் தூர் ஒன்று, திரும்பத் திரும்ப வெட்டப்பட்டுப் பக்கவாட்டில் விரிந்து விரிந்து, குறுக்களவில் ஐந்து மீட்டரைத் தாண்டியிருக்கிறது. அதன் வயது ஆயிரம் ஆண்டு இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பொதுவாக இருநூறு ஆண்டுகளைக் கடப்பது அரிது என்னும்போது, கோடரியே அதன் ஆயுளை நீட்டியது என்று சொல்வதில் மிகை இல்லை.

ஒரு கூறு வெட்டப்பட்ட பின் அங்கு நடப்பது என்ன என்பதே இந்த வரலாற்றின் நடுப்பகுதி. வெட்டிய முதல் இளவேனிலில் தரை வெறுமையாகத் தோன்றும். ஆனால் பல ஆண்டுகள் நிழலில் ஒடுங்கியிருந்த பிரிம்ரோஸும் ஆக்ஸ்லிப்பும் வயலட்டும் அந்தக் கோடை முழுவதும் கிடைத்த வெயிலைக்கொண்டு உணவு சேர்த்து, இரண்டாம், மூன்றாம் இளவேனில்களில் முன் எப்போதும் இல்லாத அளவு பூக்கின்றன. அவற்றோடு, மண்ணில் பல பத்தாண்டுகளாக முளைக்காமல் கிடந்த விதைகளிலிருந்து வேறுசில செடிகளும் எழுகின்றன. இதற்குள் தூர்களிலிருந்து கிளைத்த கம்புகள் ஆள் உயரத்தைக் கடந்துவிடுகின்றன, முட்செடிகள் படர்கின்றன, ஐந்தாறு ஆண்டுகளில் நிழல் மீண்டும் மூடி, பூக்கள் குறைந்து, செடிகள் அடுத்த வெட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்குகின்றன. ஒரு கூறு மூடும்போது பக்கத்துக் கூறு திறந்திருக்கும் என்பதால், காட்டில் ஏதாவது ஓரிடத்தில் எப்போதும் பூத்த தரை இருந்தது. அந்த வெயிலையும் பூவையும் நம்பி வாழ்ந்த பட்டாம்பூச்சிகளும் ஒவ்வோர் ஆண்டும் கூறுவிட்டுக் கூறு இடம்பெயர்ந்தன. மரம் வெட்டுவோரைப் பின்தொடரும் பூச்சி என்றே ஹீத் ஃபிரிட்டில்லரி என்னும் பட்டாம்பூச்சிக்கு நாட்டுப்புறத்தில் பெயர் வழங்கியது.

இந்தச் சுழற்சி தடையின்றி ஓட வேண்டுமானால், வெட்டிய தூர்களின் இளந்தளிரை ஆடுமாடுகள் மேயாதபடி காக்க வேண்டியிருந்தது. அதற்காக இடைக்காலத்தில் காட்டைச் சுற்றி வெட்டிய அகழியையும், அகழியில் தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பிய கரையையும் பல காடுகளின் எல்லையில் இன்றும் காணலாம். எட்டாம் ஹென்றி காலத்தில் 1543இல் இயற்றப்பட்ட சட்டம், வெட்டப்பட்ட கூறுகளைக் குறித்த சில ஆண்டுகள் கால்நடை புகாமல் அடைக்க வேண்டும் என்றும், ஏக்கருக்கு 12 மரங்களைப் பெருமரமாக வளர விட வேண்டும் என்றும் விதித்தது. கப்பலுக்கு மரம் குறைந்துவிடுமோ என்ற கவலையே அதற்குப் பின்னணி. பூக்களைப் பற்றி அதை எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் கன்று காக்கும் வேலி பூவையும் காத்தது.

தொழிற்பெருக்கமே காடுகளை அழித்தது என்ற கருத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். தென்கிழக்கில் உள்ள வீல்டு பகுதியின் இரும்பு உலைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கரிமூட்டங்களிலிருந்து பெருமளவு கரியை வாங்கி எரித்தன. ஆனால் அப்பகுதி இன்றும் இங்கிலாந்தின் மரச்செறிவு மிக்க பகுதிகளுள் ஒன்று. உலை வைத்தவருக்கு ஆண்டுதோறும் கரி வேண்டியிருந்ததால், காட்டை ஒரே முறையில் அழித்துவிட்டு வாழ அவரால் முடியாது. தழையவிட்டு வெட்டும் காடுகளைப் பேணுவதிலேயே அவருடைய ஆதாயம் இருந்தது. காடு அழிந்த இடங்களில் அதற்குக் காரணம் பெரும்பாலும் கலப்பைதான். இக்கருத்தை ஆவணச் சான்றுகளோடு நிலைநாட்டியவர் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கம் (1939–2015). ஹேலி காட்டைப் பற்றி 1975இலும், இங்கிலாந்தின் பழங்காடுகள் பற்றி 1980இலும் அவர் எழுதிய நூல்கள், காட்டைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டன.

பூக்களுக்கும் தமக்கென ஒரு பொருளியல் இருந்தது. புளூபெல் குமிழின் பிசுபிசுப்பான சாறு அம்பில் இறகு ஒட்டும் பசைக்கு ஆகும் என்று ஜான் ஜெரார்டு தம் 1597ஆம் ஆண்டு மூலிகை நூலில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் இரயில்பாதைகள் வந்தபின், காட்டோரக் கிராமத்துப் பெண்களும் சிறுவரும் விடியலில் பறித்துக் கட்டிய கொத்துகள் நகரச் சந்தைகளை அடைந்தன. லண்டன் தெருக்களில் வயலட்டும் பிரிம்ரோஸும் விற்ற ஏழைச் சிறுமியரைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851இல் விரிவாக எழுதியிருக்கிறார். முன்னாள் பிரதமர் டிஸ்ரேலி 1881 ஏப்ரல் 19இல் இறந்தபோது அரசி விக்டோரியா பிரிம்ரோஸ் மலர்களை அனுப்பினார். அதன்பின் அந்த நாள் ‘பிரிம்ரோஸ் நாள்’ ஆகி, 1883இல் அம்மலரின் பெயரிலேயே ஓர் அரசியல் அமைப்பும் தோன்றியதால், ஏப்ரல் மாதத்தில் அப்பூவுக்கு நாடெங்கும் தேவை ஏறியது. குளோஸ்டர்ஷயரில் டைமாக் கிராமத்தைச் சுற்றிய காடுகளிலும் புல்வெளிகளிலும் தானாக மலரும் டாஃபடில், 1885இல் திறக்கப்பட்ட கிளை இரயில்பாதை வழியே பெட்டி பெட்டியாகச் சென்றது. அம்மலர்கள் லண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கும் அனுப்பப்பட்டன. டாஃபடில் பாதை என்றே மக்கள் அழைத்த அத்தடத்தில் பயணிகள் வண்டி 1959இல் நின்றது. பூப் பறிப்பது செடியைப் பெரிதும் பாதிப்பதில்லை. தோட்டங்களுக்காக வேரோடும் குமிழோடும் பிடுங்கி விற்றதே பல ஊர்களில் கேடு விளைத்தது.

ஆக்ஸ்லிப்பின் வரலாறு இவற்றிலிருந்து வேறானது; அது அறிவியலின் வரலாறு. புல்வெளியில் பூக்கும் கவ்ஸ்லிப்பும் காட்டுப் பிரிம்ரோஸும் கலந்து பிறக்கும் கலப்புச்செடியும் ஆக்ஸ்லிப் என்றே அழைக்கப்பட்டு வந்தது. எசெக்ஸில் மளிகைக்கடை நடத்திக்கொண்டே பூச்சியியலில் பெயர்பெற்ற ஹென்றி டபுள்டே, அம்மாவட்டத்துப் பார்டுஃபீல்டில் வளரும் செடி அந்தக் கலப்புச்செடி அன்று, தனி இனம் என்று 1842இல் சுட்டிக்காட்டினார். அவரிடமிருந்து செடிகள் பெற்ற சார்லஸ் டார்வின், மகரந்தத்தை மாற்றிச் சேர்த்து விளைவித்த விதைகளைக்கொண்டு அதை உறுதிசெய்து 1868இல் அறிவித்தார். 1897இல் மில்லர் கிறிஸ்டி, கிழக்கு இங்கிலாந்தில் அச்செடி வளரும் காடுகளைத் தேடி நடந்து அதன் எல்லையை வரைந்தார். சுண்ணாம்பு கலந்த கனத்த களிமண் மேட்டில் உள்ள பழங்காடுகளோடு அது ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. இளவேனிலில் நீர் தேங்கும் அந்த மண்ணைப் போட்டிச்செடியான டாக்ஸ் மெர்க்குரி தாங்காததே ஆக்ஸ்லிப்புக்கு அங்கு இடம் கிடைத்ததற்குக் காரணம். கேம்பிரிட்ஜ்ஷயர்க் காடுகள் இரண்டின் தரைச்செடிகள் இடத்துக்கு இடம் எவ்வாறு மாறுகின்றன என்பதை 1940களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தவர்களுள், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய பி. ஏ. அபயவிக்ரமவும் ஒருவர்.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் அக்காடுகளின் பழைய வாழ்வு முடிந்துகொண்டிருந்தது. இரயில் கொண்டுவந்த நிலக்கரி விறகை அடுப்பிலிருந்து விரட்டியது. படலின் இடத்தைக் கம்பிவேலியும், மண்சுவரின் இடத்தைச் செங்கல்லும் பிடித்தன. ஒவ்வொரு பொருளுக்கும் சந்தை இழந்த காட்டுக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெட்டுவதைக் கைவிட்டனர். அடுத்து வந்தது அதனினும் பெரிய அடி. முதல் உலகப்போரில் மரப்பற்றாக்குறையை உணர்ந்த அரசு 1919இல் நிறுவிய வன ஆணையம், இரண்டாம் உலகப்போருக்குப் பின் விரைந்து வளரும் ஊசியிலை மரங்களை நட ஊக்கமளித்தது. பழங்காடுகள் வெட்டப்பட்டு, தூர்கள் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டு, ஆண்டு முழுவதும் இலையுதிராத மரங்கள் அங்கே வரிசையாக நடப்பட்டன. வேறுபல காடுகள் வயலாக உழப்பட்டன. 1930களுக்கும் 1980களுக்கும் இடையே பழங்காடுகளில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு அழிந்தது அல்லது உருமாறியது. 1945க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளை வெட்டுக்கிளி ஆண்டுகள் என ராக்கம் அழைத்ததில் இருந்த வேதனை நியாயமானது. ஆயிரம் ஆண்டு தொடர்ந்த ஒன்றைத் துண்டிக்க ஒரு தலைமுறைக் காலமே போதுமாயிருந்தது. பிராட்ஃபீல்டு காட்டிலும் பெரும்பகுதி 1960களில் அழிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் வெட்டு நில்லாமல் தொடர்ந்ததற்கு, அருகில் வைக்கோல்வாரியும் கருவிப்பிடிகளும் செய்த சிறு தொழிற்சாலை அங்கிருந்து ஆஷ் கம்பு வாங்கிக்கொண்டிருந்தது முக்கியமான காரணம்.

காடுகள் மறையத் தொடங்கிய இந்தக் காலத்தில்தான் பூக்களே வரலாற்றுச் சான்றாகலாம் என்ற அறிவு பிறந்தது. அனிமோன் பெரும்பாலும் நிலத்தடித் தண்டாலேயே பரவுவதால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. வயலட்டின் விதைகளை, அவற்றில் ஒட்டியுள்ள எண்ணெய்ச்சத்துக்காக எறும்புகள் சிறிது தூரம் இழுத்துச் செல்கின்றன. புளூபெல் விதை தாய்ச்செடியின் அடியிலேயே விழுந்து, முளைத்துப் பூக்க நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இத்தகைய செடிகள் பல ஒருங்கே வளரும் இடம் பல நூற்றாண்டுகளாக உழப்படாத காடாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஜார்ஜ் பீட்டர்கன் லிங்கன்ஷயர்க் காடுகளை ஆராய்ந்து 1974இல் காட்டினார். ஹேலி காட்டை ஒட்டி, இரயில்பாதையால் துண்டிக்கப்பட்டு உழவு கைவிடப்பட்ட முக்கோண நிலம் ஒன்று மரம் மண்டிக் காடாகிவிட்டது. பழங்காட்டின் ஆக்ஸ்லிப்போ அதற்குள் மிக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருந்துவருவதைப் பழங்காடு என வரையறுத்து அவற்றைப் பட்டியலிடும் பணி, பின்னர் ஆவணத்தையும் வரைபடத்தையும் பூவையும் ஒருசேரச் சான்றாகக் கொண்டு நடந்தது.

ஹேலி காட்டை உள்ளூர் இயற்கையாளர் அறக்கட்டளை 1962இல் வாங்கி, இரண்டு ஆண்டுகளில் மறுதாம்பு வெட்டைப் புதுப்பித்தது. சட்டமும் துணைக்கு வந்தது: நில உடைமையாளரின் இசைவின்றிக் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது 1975இல் குற்றமாக்கப்பட்டது, காட்டிலிருந்து எடுத்த புளூபெல்லை விற்பதற்கு 1998இல் தடை வந்தது. தோட்டங்களிலிருந்து தப்பிய ஸ்பெயின் நாட்டுப் புளூபெல்லோடு உள்நாட்டுச் செடி கலப்பது இப்போதும் கவலைக்குரியதாக இருக்கிறது. ஆனால் ஊர்களை அடுத்த காட்டோரங்களில் தெரியும் அக்கலப்பைவிட மான்களே பெரிய இடர். நார்மானியர் கொண்டுவந்த ஃபாலோ மானும், 1900 வாக்கில் வோபர்ன் பூங்காவிலிருந்து பரவிய சீனத்துச் சிறுமானான மன்ட்ஜாக்கும் தம்மை வேட்டையாடும் விலங்குகள் இல்லாத நாட்டில் பெருகி, ஆக்ஸ்லிப்பின் பூந்தண்டையும் புளூபெல்லின் இலையையும் தூர்களின் தளிரையும் மேய்கின்றன. தளிர் விடும்போதெல்லாம் மேயப்பட்ட தூர் சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. அவ்வாறு நேர்ந்தால், காட்டை வெட்டாமல் விட்டிருப்பதே நலமாயிருந்திருக்கும். இதனால், முன்னாளில் மாட்டைத் தடுக்க அகழியும் கரையும் கண்ட அதே காடுகளில் இன்று ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கம்பிவேலியோ, வெட்டிய கிளைகளையே நெருக்கி அடுக்கிய முள்ளரணோ கூறுதோறும் எழுப்பப்படுகிறது. அதற்கான செலவில் ஒரு பகுதியை, வீட்டுக் கணப்புகளுக்கு மீண்டும் தேவை ஏற்பட்டிருக்கும் விறகும், தோட்டக்காரர்கள் அவரைப்பந்தலுக்கு வாங்கும் ஹேசல் கம்பும் ஈடுசெய்கின்றன. மீதியை அறக்கட்டளைகளின் நன்கொடையும், குளிர்காலத்து வார இறுதிகளில் வெட்டரிவாளோடு வரும் தன்னார்வலர்களின் உழைப்பும் தாங்குகின்றன.